ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டி

பஞ்சாபகேசன் இரண்டு மேனிஃபோல்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற குழாய்கள்தாம். ஆனால் அவர் பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்தவர் பார்வை.

ஒன்று குட்டை, வாய் அகலம். மற்றது நீளம், ஒடுங்கல். இரண்டிலுமே இரட்டைக் கார்புரேட்டர் பூட்டலாம்.

உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரல் முழுக்கக் கரி. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

“ஊருக்குள்ளே ஓட்டற வண்டி, பாய். நீளமானதுதான் நன்னா இழுக்கும். குட்டை ரேஸுக்கு. இதையே எடுத்து வைங்கோ, வண்டியை அடுத்த வாரம் கொண்டுவரேன்.”

உதுமான் தலையாட்டினார். குர்லாவில் பழைய மோட்டார் சாமான் விற்கிறவருக்கு இது தெரியாததல்ல. மூன்று மாதமாக, சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் வந்து இதே இரண்டையும் இறக்கச் சொல்கிற மாதுங்காக்காரர் ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டார்.

சிக்கல் ஒன்றுதான். பஞ்சாபகேசனிடம் வண்டி கிடையாது.

ஃபியட் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்தவர். முறை வருகிற நேரத்தில் தங்கை அகிலாண்டத்தின் கல்யாணம் வந்தது. பதிவை ரத்து செய்தார். ஆசையை ரத்து செய்ய எந்த ஆபீசில் எழுதிக் கொடுப்பது என்று தெரியவில்லை. பழைய பேப்பர் கடையில் கிடைத்த மோட்டார் பத்திரிகைகளை எல்லாம் வாங்கி வரி விடாமல் படித்தார்.

முதல் நாள் உதுமான் வண்டி எங்கே என்று கேட்டபோது, ஸ்டேஷன் வாசலில் விட்டிருப்பதாகவும் இந்தச் சந்துக்குள் நுழையாது என்றும் வாயில் வந்துவிட்டது. அப்புறம் வாராவாரம் அந்த வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்றது.

இப்போது ஒரு வெள்ளை ஃபியட் அதே சந்துக்குள் திரும்பி, எங்கும் உரசாமல், கடை வாசலில் வந்து நின்றது.

பஞ்சாபகேசனுக்குக் காது மடல் சுட்டது. உதுமான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கிய சேட் நேராக நீளமானதைக் கையில் எடுத்தார். ஒரு மாதமாக பம்பாய் முழுக்க இதைத்தான் தேடுகிறாராம். கேட்ட விலை தருகிறாராம்.

“யே சாப் கா ஹை, சேட்,” இது சாருடையது என்று பஞ்சாபகேசனைக் காட்டினார் உதுமான்.

அவருக்கே குடுத்துடுங்கோ, பாய். சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. ஆனால் ஏன் வேண்டாம் என்று சேட் கேட்டால்? ஒரு மனுஷனின் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டு, வெட்கம் பிடுங்கித் தின்ன, கார்க்காரர் மாதிரியே நின்றுகொண்டிருந்தார்.

சேட் குட்டையானதைத் தொடக்கூட இல்லை. ஃபியட் வந்த வழியே பின்னால் நகர்ந்து போயிற்று.

உதுமான் நீளமானதைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். இறங்கி வந்து ஒரு பழந்துணியை நீட்டினார்.

“கையத் தொடச்சுக்கிடுங்க சார். ரயில் பாஸ்ல கரி ஒட்டிரும். நாலு பத்து லோக்கல் வார நேரமாச்சுல்லா.”

கரி பட்டது ஒரு விரலில்தான். பஞ்சாபகேசன் தலையைத் தூக்காமல் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டே நின்றார்.