நாற்பது டிகிரி

“டார்ச்சை கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு மோகனா. உன் நிழலே மேல விழுது.”

மோகனா கையை மாற்றிக்கொண்டாள். கம்பெனியில் எட்டு மணி நேரம் கைப்பை தைத்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

ஆம்பூருக்கு வெளியே, மூடிக்கிடந்த தோல் ஆலை ஒன்றின் கொட்டகை அது. தோல் காயப்போட்ட இடத்தில் இப்போது ஒரு கிளைடர் நின்றது. இறக்கை உண்டு, இன்ஜின் கிடையாது. அதன் ஒற்றை இருக்கையில் அவள் கணவர் மதியழகன் காலை மடக்கி உட்கார்ந்து ஒயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விமானப்படையில் இருபது வருஷம் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? இரண்டு தோஸ்துகளைக் கூட்டுச் சேர்த்து இதை வாங்கி நிறுத்தியிருந்தார்.

“ஜி.பி.எஸ். வந்துடுச்சி. ஏறுறமா இறங்குறமான்னு சொல்ற மீட்டரும் கம்ப்யூட்டரோட பேசுது,” என்றார். எதிரே மாட்டியிருந்த உள்ளங்கை அளவுக் கணினியில் எண்கள் ஓடின. “எல்லாம் ஒழுங்கா பேசுது. இந்த காம்பஸ் மட்டும்தான் பேஜாரு.”

“இப்ப எவ்ளோங்க?”

“அதே நாப்பது டிகிரி.”

அவள் நின்ற இடத்திலிருந்து திசைகாட்டியின் முதுகுதான் தெரிந்தது. கிளைடரின் மூக்கு, தரையில் இழுத்த சுண்ணாம்புக் கோட்டின் மேல் நேர் வடக்கே பார்த்து நின்றது. திசைகாட்டியும் வடக்கைத்தான் காட்ட வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கணினியை மாட்டியதிலிருந்து நாற்பது டிகிரி தள்ளிக் காட்டியது. ஒயரில் ஓடும் கரண்ட்தான் குழப்புகிறது என்று ஆறு நாளாக ஒயரைப் பிடுங்குவதும் வேறு வழியாக இழுப்பதுமாக இருந்தார். அது சரியாகாமல் கிளைடர் கிளப் இன்ஜினியர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லாமல் நாளைக்கு ஏலகிரிப் பக்கம் பறக்க முடியாது.

பாவம், ஒயர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது மோகனா.

அதே ஞாயிற்றுக்கிழமைதான், வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்று கருவிப் பலகையின் மேல்விளிம்புக்குத் தோல் உறை தைத்துத் தரச் சொன்னார். தைத்தாள். கைப்பையின் வாயை மூட வைக்கிற காந்த பட்டனில் இரண்டைத் தோலுக்கும் பஞ்சுக்கும் நடுவே, சரியாகத் திசைகாட்டிக்கு அடியில் வருகிற மாதிரி வைத்துத் தைத்துவிட்டாள். காந்தம் ஆகாது என்று அவளுடைய பையைக்கூடக் கிட்டே வைக்கவிடாமல் அவரே சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

வேறென்ன செய்வாள்? போன மாசியில் கிளைடரோடு கணியம்பாடிக் கரும்புத் தோட்டத்துக்குள் விழுந்து, தோள் எலும்பு முறிந்து, இரண்டு மாதம் படுத்துவிட்டார். அவள்தான் சோறு ஊட்டினாள். இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தால் எடுத்துக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. போகாதீங்க என்று கெஞ்சியபோது, பயந்துட்டான்னு தோஸ்துங்க சிரிப்பானுங்க என்று முடித்துவிட்டார்.

“சட்டை பட்டன் தைக்கணும்னு வியாழக்கிழமையே எங்கிட்ட ஊசி நூல் வாங்கினீங்களே, இன்னும் தைக்கலியா?” என்றாள், பேச்சை மாற்ற.

“மறந்துட்டேன்.” திறந்திருந்த சட்டையைப் பார்க்காமலே தோளை நீவிக்கொண்டார். “முடியல மோகனா. இவ்ளோ நாள் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததே இல்ல.”

“விட்டுடுங்க. காம்பஸ் சரியில்லன்னா யாரு இன்னா சொல்லப்போறாங்க?”

“அதுவும் சரிதான்.” போனை எடுத்துக் கூட்டுச் சேர்ந்த தோஸ்து ஒருவரைக் கூப்பிட்டார். “கோதண்டபாணி, நாளைக்கு ஆவாதுப்பா. இல்லப்பா, எல்லா ஒயரும் மாத்திப் பார்த்துட்டேன். இன்னா பண்ணச் சொல்ற?”

மெல்ல இறங்கி, கை கழுவ வெளியே குழாயடிக்குப் போனார். அந்தக் கூனிய முதுகையே மோகனா பார்த்துக்கொண்டு நின்றாள். நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனிதனை அவன் கற்ற வேலையிலேயே தோற்கடிப்பது என்ன நியாயம்? திரும்ப விழுந்தால் திரும்பச் சோறு ஊட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பட்டனை எடுத்துவிட்டு, ஒயர் தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம்.

பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு முதல்முறையாக அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தோல் உறைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள். பட்டன் தட்டுப்படவில்லை.

டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். அவள் தைத்தது பழுப்பு நூல். அந்த இடத்தில் மட்டும், விரல்கடை அளவுக்கு, வீட்டிலிருந்த கறுப்பு நூலில் கோணல்மாணலாகச் சட்டை பட்டன் தைக்கிற தையல் போட்டிருந்தது.

தலையை நிமிர்த்தினாள். ஒயர்கள் எல்லாம் மாட்டியபடியே இருந்தன, கணினியும் எரிந்துகொண்டிருந்தது. திசைகாட்டி இம்மியும் பிசகாமல் வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

வெளியே குழாய்ச் சத்தம் நின்றது.

“இன்னா மோகனா, உள்ள ஏறிட்டியா?” மதியழகனின் குரல் லேசாகத் தடுமாறியது. “எவ்ளோ காட்டுது?”

அவள் கத்தரியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அதே நாப்பதுதாங்க,” என்றாள். “மாறவே இல்ல.”