பரிசோதித்தவரின் பெயர்

பதுளைக்கு மாற்றலாகி வந்த மூன்றாம் நாளே, பிரசவ மரணம் ஒன்றை விசாரிக்க டாக்டர் வதனி தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற மணிவேலுக்கு மனைவி இறந்து பத்து நாள்.

“மிட்வைஃப் உங்கட மனுசியை எத்தினை தரம் பரிசோதிச்சவ?”

“ஒரு தடவையும் இல்லீங்க.”

“மற்ற வீடுகளுக்கும் போறேல்லையோ?”

“தோட்டத்து மூணு டிவிஷன்லயும் ஒரு புள்ளத்தாச்சிய விட்டதில்லீங்க. மழையிலயும் நடைதான்.”

“இந்த வீட்டை மட்டும் விட்டிட்டாவோ?” வதனிக்குக் கோபம் தலைக்கேறியது. “பிரஷர் கூடினதாலதான் இந்தச் சாவு. ஒருக்கா அளந்திருந்தால் தப்பியிருப்பா. அந்த மிட்வைஃபை நான் சும்மா விடமாட்டன். பெயரைச் சொல்லுங்கோ.”

மணிவேல் தயங்கினான். “சசிரேகாங்க.”

விசாரணைப் படிவத்தில் ‘மருத்துவமாதுவின் பெயர்’ என்ற இடத்தில் எழுதப்போன பேனா நின்றது. அதே படிவத்தின் முதல் வரியில், இறந்தவரின் பெயராக, காலையில் அவளே எழுதியிருந்த பெயர் அது.

“மூணு டிவிஷனுக்கும் அவ ஒருத்திதாங்க மிட்வைஃப்” என்றான் மணிவேல். “பிரஷர் பாக்குற பெட்டி இந்த வீட்டுலதான் இருந்துச்சு. அவ கையப் புடிச்சுப் பாக்கத்தான் ஆளில்ல.”