வெள்ளிக்கிழமைக் கோழி

கதவு படபடவென்று இடிபட்டது.

அவள் கையிலிருந்த போர்வை நழுவியது. முகம் பார்க்கும் கண்ணாடி பாதிதான் மூடியிருந்தது.

சாவு விழுந்த வீட்டில் கண்ணாடி தெரியக் கூடாது. அவர்கள் வழக்கம் அது.

உள்ளறையில் அவள் கணவர் தரையில், வெள்ளைத் துணிக்குக் கீழே படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி. அந்தச் சின்ன ஊரின் ரபி அவர். அங்கிருந்த யூதர்களுக்குக் குரு, நீதிபதி, எல்லாம்.

அடக்கம் செய்பவர்களை அழைத்து வர மகன் ஓடியிருந்தான். ஊருக்கு இன்னும் தெரியாது.

அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்தாள்.

கித்தல் நின்றிருந்தாள். ஆற்றங்கரைச் சந்தில் துணி தைத்துப் பிழைக்கும் விதவை. தோள் சால்வையில் பனி. கையில் தட்டு. தட்டில் சுத்தம் செய்த கோழி. பக்கத்தில், பிளந்த இரைப்பை.

"ரபியம்மா, உள்ளே ஊசி! என்னோட ஊசிதான். போன வாரம் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். இந்தத் திருட்டுக் கோழி அதை முழுங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி என் காலையே சுத்திச் சுத்தி வந்திருக்கு."

சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் கித்தல் அழுவாள். அழுது முடித்துக் கோழியை நாய்க்குப் போடுவாள். உயிரோடு இருக்கும்போதே ஊசி இரைப்பையைத் துளைத்து வெளியே வந்திருந்தால், அவர்கள் சட்டப்படி அந்தக் கோழி சாப்பிட ஆகாது. துளைத்ததா இல்லையா என்று ரபிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ரபி ஆற்றுக்கு அப்பால். சூரியன் இறங்கினால் ஓய்வுநாள். பிறகு யார் வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள்.

வாயைத் திறந்தாள். வேறெதுவோ வந்தது.

"வீட்ல வேற என்ன இருக்கு?"

அது அவருடைய கேள்வி. கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்.

கித்தல் யோசித்தாள்.

"உப்பு இருக்கும்மா."

பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "இறகு பிடுங்கும்போதே பிள்ளைங்க பாட்டுப் பாட ஆரம்பிச்சிடுச்சுங்க. இப்போ போய் இல்லைன்னு சொன்னா என்னையே கடிச்சுத் தின்னுடும்."

உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குரல் தணிந்தது.

"தூங்குறாரா? பாவம், எழுப்பாதீங்க."

உடனே, "இல்ல, எழுப்புங்கம்மா. பொழுது சாயுது."

ரபியின் மனைவி தட்டை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மர வியாபாரியின் மனைவி கோழி கொண்டுவந்தால் அவருக்கு ஒரு பார்வை போதும். ஆகாது. அவள் கூட்டில் இன்னொன்று இருக்கும்.

கித்தல் மாதிரி யாராவது வந்தால் லென்ஸ் வெளியே வரும். புத்தகம் வரும். அது போதாமல் இன்னொரு புத்தகம். ஏதோ ஒரு பக்கத்தின் ஓரத்தில், என்றோ செத்துப்போன யாரோ ஒருவர் எழுதிவைத்த அனுமதி கிடைக்கும்வரை விடமாட்டார். பனிக்காலத்திலும் வியர்த்துப்போவார். அவள் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சொந்த வீட்டுக் கோழிக்கு மட்டும் புத்தகம் திறந்ததில்லை.

சந்தேகமா? வேண்டாம். அன்றைக்கு உருளைக்கிழங்கு.

ஒருமுறை அவள் பாத்திரத்தையே வீசியெறிந்தாள். "ஊருக்கெல்லாம் வழி இருக்கு. எனக்கு மட்டும் இல்லையா?"

அவர் பாத்திரத்தை எடுத்து வைத்தார். "அவங்களுக்குச் சொன்னது தப்பா இருந்தா, மேலே போய் நான் பதில் சொல்லிக்குவேன். நம்ம வயித்துக்காகத் தப்புப் பண்ணிட்டு அங்கே எப்படி நிக்கிறது?"

அன்று அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

தலைமாட்டு மெழுகுவத்தியைக் கையில் எடுத்தாள். கோட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். இரைப்பையைத் திருப்பினாள்.

ஊசிமுனை தைத்திருந்த இடத்துக்கு நேர் வெளியே, ஒரு சிவப்புப் புள்ளி. கடுகளவு.

ரத்தமென்றால் உயிரோடு இருக்கும்போதே துளைத்தது; ஆகாது. துருவென்றால் பாதகமில்லை.

மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் அருகே மண்டியிட்டாள். தட்டை வெள்ளைத் துணியின் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள், எப்போதும் காட்டுவதுபோல்.

காத்திருந்தாள்.

மெழுகு உருகி அவள் விரலில் விழுந்தது.

கட்டைவிரலால் அந்தப் புள்ளியை ஒருமுறை துடைத்தாள். போய்விட்டது.

மெழுகுவத்தியை அதன் இடத்தில் திரும்ப வைத்தாள். எழுந்தாள்.

கித்தல் முன்னறைக்குள் வந்து நின்றிருந்தாள். தலை குனிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கண்ணாடி முழுவதும் மூடியிருந்தது. சரிந்து தொங்கிய போர்வையை இழுத்து, மடிப்பில்லாமல், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டிருந்தாள். தையல்காரியின் கை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் தட்டை நீட்டினாள்.

"சாப்பிடலாம்னு சொல்றார்."