மூலையில் கிடந்த தோட்டம்

ஒரு கணினிக்குள் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இருந்தது. பக்கத்தில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிஸ்க் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது.

கணினியின் சொந்தக்காரி நிலோஃபர், மூன்று வருஷமாக விளையாடிய தோட்ட விளையாட்டைப் பழையதிலிருந்து எடுத்து எஸ்எஸ்டிக்கு மாற்றினாள்.

“அண்ணே, எல்லாத்தையும் குடுத்துட்டீங்களா?” என்று கேட்டது எஸ்எஸ்டி.

அவள் வளர்த்த தோட்டம் மட்டும் தனி ஃபைலாக ஹார்டு டிஸ்க்கின் மூலையில் கிடந்தது. அதைத் தேடிக்கொண்டு தன்னிடமே திரும்பி வருவாள் என்று ஹார்டு டிஸ்க்குக்கு நினைப்பு.

“குடுத்தாச்சு” என்றது.

நிலோஃபர் விளையாட்டைத் திறந்தாள். வெறும் மண்ணும் ஒரு மண்வெட்டியும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள், விளையாட்டையே நீக்கிவிட்டாள்.

“நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாண்ணே?” என்றது எஸ்எஸ்டி.

ஹார்டு டிஸ்க்கின் மூலையில், பறிக்க ஆளில்லாத மாமரங்கள் காய்த்துத் தொங்கின.