வாங்கியவர் போட்டால் மட்டும்

பூட்ஸ் கடை குமாஸ்தா ஏனோக், உத்தரவாதச் சீட்டை அன்று பதினோராவது தடவையாகப் படித்துக் காட்டினார். ஓராண்டுக்குள் தையல் விட்டாலோ அடித்தோல் தேய்ந்தாலோ கடையே இலவசமாகச் சரிசெய்யும். வாங்கியவரைத் தவிர வேறு யாராவது போட்டு நடந்தால் செல்லாது. படித்துப் படித்து அவர் தொண்டை காய்ந்திருந்தது.

எதிரே வெங்கடம்மா நின்றாள். அவள் கணவன் எல்லப்பன் மேஸ்திரி சித்திரையில் வாங்கிய பூட்ஸ் அது. ஆடியில் ஒருநாள், காலில் கொப்புளம் என்று அதை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடு சுரங்க ஷிப்ட்டுக்குப் போனவர் மேலே வரவில்லை. மண் சரிந்த அந்த ஆழத்து லெவலை, அவரை எடுக்காமலே, செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பூட்ஸைக் கொண்டுவருவது இது மூன்றாவது தடவை.

"யாரும்மா போடறது?"

"யாரும் போடலீங்க ஐயா. ஆணியில மாட்டினபடியே கீது. காலையில பார்த்தா ஈரமா கீது. தினம் தொடைச்சித் தொடைச்சி கை ஓஞ்சி போச்சி."

ஏனோக் பூட்ஸைத் திருப்பினார். அடித்தோல் ஓட்டையாகியிருந்தது. ஓட்டையில் சுரங்கத்தின் சாம்பல் நிறக் கல்தூள் ஈரமாக ஒட்டியிருந்தது. உள்ளே கைவிட்டார், வெதுவெதுப்பாக இருந்தது. பதிவேட்டில் 'போட்டவர்' என்ற இடத்தில், 'வாங்கியவரே' என்று எழுதினார்.

"பங்குனியோட கெடு முடியுதும்மா. அப்புறம் தைச்சித் தர மாட்டாங்க."

வெங்கடம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க ஐயா. பூட்ஸுக்குள்ள வெச்சிடறேன். நான் சொன்னா கேக்க மாட்டாரு."