தவிட்டுக்கு வாங்கிய பெண்

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் யசோதராவும் அவள் அம்மா பச்சையம்மாவும் குழாயில் எச்சில் துப்பி, டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார்கள். இருவருக்கும் ரத்த உறவே இல்லை என்று முடிவு வந்தது, கண்ணுகளா.

"உண்மையச் சொல்லு. நான் யாரு பெத்த புள்ள?"

பச்சையம்மா வயிற்றில் இருந்த ஆபரேஷன் தழும்பைக் காட்டினாள். "மின்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. நீயாவது தங்கணும்னு உன்னைப் பக்கத்து வூட்டு சகுந்தலாவுக்குக் குடுத்து, ஒரு மொறம் தவிட்டுக்கு அப்பவே திருப்பி வாங்கிக்கினேன். எல்லாரும் செய்றதுதானடி."

யசோதரா நம்பவில்லை. சகுந்தலாவையும் துப்பவைத்தாள். சகுந்தலாதான் தாய் என்று முடிவு வந்தது. ஆனால் சகுந்தலா ஒருநாளும் கர்ப்பமானதில்லை.

முடிவைக் கேட்டு அவள் பதறவில்லை. "எம்பொண்ண நல்லாத்தான் வளத்துகிற பச்ச," என்றாள். பிறகு யசோதராவின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்."