ஒற்றைச் சுருள்

கிட்டார் கம்பிகளின் மேல் கையை வைத்தால் இரைச்சல் நிற்கிறது. எடுத்தால் தொடங்குகிறது.

தென்னரசு மூன்றாவது முறையாக எடுக்கச் சொன்னான். எடுத்தேன். ஆம்ப் பெட்டி இரைந்தது. வைத்தேன். நின்றது. விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல் இருந்தது.

"அக்கா மாதிரியே இருக்குது மாமா. கைய எடுத்தா கத்துது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். என் மனைவி ஜெசிந்தா செத்து நாளையோடு ஒரு வருஷம்.

அவளுடைய தம்பி இவன். திண்டிவனத்தில் வயர்மேன். நாளைக் காலை அங்கே கோயிலில் அவளுக்கு நினைவுத் திருப்பலி, நான் கிட்டார் வாசிக்க வேண்டும். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பை மாற்றியதிலிருந்து கிட்டார் இரைகிறது, வந்து பார் என்று போனில் சொன்னேன். பஸ் பிடித்து விழுப்புரம் வந்துவிட்டான். அடக்கத்துக்கு மறுநாள் வந்துபோன பிறகு இந்த வீட்டுக்குள் வருவது இதுதான் முதல் முறை.

வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே பின்பக்கம் போய் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். பழைய பழக்கம். இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவன் அவன்தான். குழி தோண்டி உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டியதும் அவன்தான்.

பிக்கப் ஜெசிந்தா வாங்கியது. என் பிறந்தநாளுக்கு. பார்சல் வந்தபோது அவளைப் புதைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. பீரோ மேலேயே கிடந்தது. போன வாரம்தான் பிரித்தேன்.

கிட்டாரில் முன்பு இருந்தது இரட்டைச் சுருள் பிக்கப். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தனக்குள்ளேயே அடித்துவிடும். இது ஒற்றைச் சுருள். வீட்டில் என்ன கோளாறு இருந்தாலும் சொல்லிவிடும்.

தென்னரசு முறையாகப் போனான். நான் பற்றவைத்த இடங்களை மீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டான். எல்லாம் சரி. டியூப்லைட்டை அணைத்தான். ஃபேனை அணைத்தான். இரைச்சல் குறையவில்லை. கிட்டார் ஒயரின் முனையில் சுற்றியிருந்த சிவப்பு டேப்பை நுனியைப் பிடித்து உரித்தான்.

"நீங்க ஒருத்தர்தான் மாமா டேப்பு நுனிய மடிச்சி உடுறீங்க. பெரிய காலேஜ் வேல."

"அடுத்த வாட்டி உரிக்க ஈஸி."

சிரித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அந்தக் கதவை மட்டும் அவன் பார்க்கவில்லை.

அங்கே ஒரு வாஷிங் மிஷின் இருந்தது. வேலை செய்த வீட்டில் கொடுத்த பழைய மிஷினைச் சரிபார்த்து, அக்காவுக்கென்று அவன் கொண்டுவந்து வைத்தது. ஈரக் கையோடு அவள் அதைத் தொட்டாள்.

கல்லறையில் என் மாமியார் சவுரியம்மாள் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "நீ தூக்கினு வந்த மிஷினுதான்டா எம் பொண்ண வாரிக்கினு போச்சி!"

மறுநாள் மிஷினைத் தெருவில் போட்டுக் கடப்பாரையால் உடைத்தான். நிச்சயமான கல்யாணத்தை வேண்டாம் என்றான். அவன் அம்மா இன்னும் அவனோடு பேசுவதில்லை. மிஷினில் கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் என்று தான் போட்ட எர்த்தைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டான்.

பையிலிருந்து சோதனை பல்பை எடுத்தான். பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டைகளில் ஒயரைச் செருகினான். எரிந்தது. ஒன்றை எடுத்து எர்த் ஓட்டையில் செருகினான்.

எரியவில்லை.

நீள ஒயரை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினான். எர்த் குழியின் குழாயில் வைத்துப் பார்த்தான். அங்கே எரிந்தது. திரும்பி வந்து மறுபடி பாயிண்டில் செருகினான். எரியவில்லை.

பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போர்டிலிருந்து சுவரின் மேல் விரலை மெல்ல நகர்த்தினான். விரல் குளியலறைப் பக்கம் போய் நின்றது.

"மாமா... இந்த போர்டத் தாண்டித்தான் அந்தாண்ட போவுது எர்த்து."

"தெரியும்."

"கழட்டிப் பாக்கட்டுமா?"

ஒரு கையைக் கம்பிகளின் மேல் வைத்தபடியே, காலையிலிருந்து சட்டைப் பையில் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.

கிட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை என்பது அவனுக்குப் போன் செய்யும் முன்பே எனக்குத் தெரியும். வாயால் சொல்லிவிட இந்த ஒரு வருஷத்தில் பத்து முறை திண்டிவனம் போனேன். பத்து முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அவள் சாவதற்கு முந்தைய மாதம். கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஹாலில் கம்ப்யூட்டர், இங்கே ஆம்ப், விடாத முனகல். எர்த்தைக் கழற்றினால் நின்றுவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். கழற்றினேன். நின்றது. சமையலறையிலிருந்து ஜெசிந்தா கை தட்டினாள். மறுநாள் மாட்டிவிடலாம் என்று இருந்தேன்.

தென்னரசு மெயினை அணைக்கவில்லை. வயர்மேன் ஒருவன் அதை மறந்து நான் பார்த்ததில்லை. முதல் திருகு கழன்றது. இரண்டாவது.

உள்ளே பச்சை ஒயர் தனியாக நிற்கும். முனையில் சிவப்பு டேப். நுனி மடிந்திருக்கும்.

போர்டு சுவரை விட்டு வந்தது. அவன் குனிந்தான்.

கம்பிகளின் மேலிருந்து கையை எடுத்தேன்.